கேம் கன்சோலில் தமிழ் சப்டைட்டில்: தனிக் கோப்பா, படத்தோடு பொறிப்பதா, சர்வரா?

வெளிநாட்டுப் படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் கையில் இருக்கிறது. எங்கிருந்தோ கிடைத்திருக்கலாம், நீங்களே உட்கார்ந்து தட்டி முடித்திருக்கலாம். கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டால் அழகாக வருகிறது. அதே இரண்டு கோப்புகளையும் பென் டிரைவில் ஏற்றி, ஹாலில் டிவியோடு இணைத்திருக்கும் கேம் கன்சோலில் சொருகினால் படம் மட்டும் ஓடுகிறது, எழுத்தைக் காணோம். சில இடங்களில் எழுத்து வரும், ஆனால் வெறும் கட்டம் கட்டமாக வரும். இன்னும் சில இடங்களில் தமிழ்தான் வரும், ஆனால் "கெ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்காமல் ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கான வழிகாட்டிகள் இணையத்தில் நிறைய உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கில சப்டைட்டிலுக்கு "எந்தக் கன்சோல் எந்தக் கோப்பைத் திறக்கும்?" என்ற ஒரு கேள்வி போதும். தமிழுக்கு அதற்கு முன்பே இன்னொரு கேள்வி இருக்கிறது. திரையில் அந்த எழுத்தை வரையப்போவது யார்? கன்சோலா, உங்கள் கணினியா? எஸ்ஆர்டி என்பது சப்டைட்டில் வழக்கமாக வரும் கோப்பு வகை, அதில் இருப்பது வெறும் உரை. அதை வடிவமாக்க, வரைகிற கருவியிடம் தமிழ் எழுத்துருவும் வேண்டும், உயிர்மெய்க் குறிகளைச் சரியான இடத்தில் சேர்க்கும் திறனும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வசனத்தைப் படிக்க முடியாது. கீழே வரும் வழிகளை எல்லாம் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

எந்த வழியானாலும் முதல் வேலை ஒன்றுதான். எஸ்ஆர்டி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இப்படி இருக்க வேண்டும்:

12
00:01:15,200 --> 00:01:18,000
கதவைச் சாத்திட்டு வா,
மழை வரப்போகுது.

வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அப்புறம் வசனம். நொடிக்குப் பிறகு காற்புள்ளி இருக்க வேண்டும், புள்ளி அல்ல. வசனம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் தாறுமாறாகக் கிடந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கிவிட்டு, யுடிஎஃப்-8 என்று சேமியுங்கள். இதைச் செய்யாமல் கன்சோலைத் திட்டிப் பயனில்லை.

கன்சோல்களின் நிலவரம்

பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006இல். வீடியோக் கோப்பு வகைகளில் எம்பி4 ஓடும், டிவ்எக்ஸ் வகை ஏவிஐ ஓடும், எம்கேவி ஓடாது. பக்கத்தில் வைத்த எஸ்ஆர்டியை அது ஏறெடுத்தும் பார்க்காது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360யும் ஏறக்குறைய அப்படித்தான். பென் டிரைவை ஃபார்மேட் செய்த முறை ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே வரும். பிளேஸ்டேஷன் 3 ஃபேட்32ஐத் தவிர வேறெதையும் ஏற்காது.

பிளேஸ்டேஷன் 4க்கு 2015இல் மீடியா பிளேயர் வந்தது. எம்கேவியைத் திறக்கும், எக்ஸ்ஃபேட் டிரைவையும் படிக்கும், என்டிஎஃப்எஸ் ஆகாது. எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோ ஓடும். இப்போது பரவலாகக் கிடைக்கும் எச்.265 கோப்புகள் ஓடாது. பிளேஸ்டேஷன் 5இல் அந்த மீடியா பிளேயரே இல்லை. பென் டிரைவில் இருக்கும் எம்கேவி படத்தை நேராகத் திறந்து பார்க்க வழி கிடையாது, வீட்டு நெட்வொர்க் வழியாகத்தான் போக வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதற்குப் பின் வந்த சீரிஸ் கன்சோல்களும் இந்த விஷயத்தில் தாராளம். விஎல்சி, கோடி என்ற இரண்டு பிளேயர் செயலிகளும் அவற்றின் ஸ்டோரில் கிடைக்கின்றன. படம் பார்ப்பதற்கென்று மட்டும் பார்த்தால், இவற்றில் நான் எக்ஸ்பாக்ஸ் பக்கம்தான் நிற்பேன்.

தனி எஸ்ஆர்டி கோப்பு

படத்தின் பெயரையே சப்டைட்டிலுக்கும் வைத்து, ஒரே ஃபோல்டரில் போடுவது. வேலையே இல்லை. வசனத்தில் பிழை கண்டால் அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும். வேண்டாதவர்கள் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். ஆனால் இது எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது சீரிஸில் விஎல்சி அல்லது கோடி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே உருப்படியான வழி. அங்கேயும் எழுத்தை வரைவது கன்சோலில் ஓடும் செயலிதான். அதற்குத் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்றால் கட்டங்கள்தான் மிச்சம். ஆங்கில சப்டைட்டிலுக்கு இதுவே போதும், மேலே படிக்கவும் தேவையில்லை.

எம்கேவிக்குள் வைப்பது, எழுத்துருவோடு சேர்த்து

எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வீடியோவையும் எஸ்ஆர்டியையும் போட்டால் இரண்டையும் ஒரே எம்கேவியாகக் கட்டித்தரும். வீடியோவை மறுபடி என்கோட் செய்வதில்லை, அதாவது புதிதாகச் சுருக்குவதில்லை, அதனால் தரம் துளியும் குறையாது. ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தைப் பொறுத்து சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோப்பு ஒன்றாகிவிடுவதால் சப்டைட்டில் தொலையாது. ஆனால் எழுத்தை வரைவது இன்னும் கன்சோல்தான். வெறும் எஸ்ஆர்டியை உள்ளே வைப்பதால் தமிழுக்குத் தனியாக ஒரு லாபமும் இல்லை.

இதைவிடச் சிறந்தது ஒன்று உண்டு, தமிழில் இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எஸ்ஆர்டியை ஏஎஸ்எஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். சப்டைட்டில் எடிட் அல்லது ஏஜிசப் இரண்டிலும் முடியும், இரண்டும் இலவசம். ஏஎஸ்எஸ் கோப்பில் எழுத்துருவின் பெயர், அளவு, ஓரக்கோடு எல்லாவற்றையும் குறித்துவைக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்று குறித்துவிட்டு, எம்கேவிடூல்நிக்ஸில் இணைப்புகள் பகுதிக்குப் போய் அந்த எழுத்துருக் கோப்பையே எம்கேவிக்குள் சேர்த்துவிடுங்கள். அது எவரும் பகிரக்கூடிய திறந்த உரிமத்தில் வருவது, அதனால் தயங்க வேண்டியதில்லை. இப்போது படத்தோடு எழுத்துருவும் பயணம் செய்கிறது. விஎல்சி, கோடி போன்றவை ஏஎஸ்எஸ்ஸை வரைய லிப்ஆஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. உயிர்மெய்களைச் சேர்த்து எழுத அதற்குத் தெரியும், உள்ளே இணைத்த எழுத்துருவையும் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது சீரிஸ் வைத்திருந்து, தரம் குறையாமல் தமிழ் சப்டைட்டில் வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

பிளேஸ்டேஷன் 4இன் மீடியா பிளேயரை நம்பி இந்த வழியில் இறங்க வேண்டாம். அங்கே எழுத்துரு உங்கள் கையில் இல்லை.

படத்தோடு பொறித்துவிடுவது

வீடியோவை மறுபடி என்கோட் செய்யும்போது ஒவ்வொரு சட்டகத்தின் (ஃபிரேமின்) மேலும் எழுத்தைப் பதித்துவிடுவது. எழுத்தை வரைவது உங்கள் கணினி. கன்சோலைப் பொறுத்தவரை அது சாதாரண வீடியோ, சப்டைட்டில் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 4 எல்லாவற்றிலும் தமிழ் ஒரே மாதிரி, ஒரு புள்ளி பிசகாமல் வரும். பழைய கன்சோலும் தமிழ் எழுத்தும் சேர்ந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

செலவு மூன்று. முதலாவது நேரம். மறுபடி என்கோட் செய்ய, கணினியின் வேகத்தைப் பொறுத்து அரை மணியும் ஆகலாம், படம் ஓடும் நேரத்தைவிட அதிகமும் ஆகலாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது நல்லது. இரண்டாவது தரம். எவ்வளவு கவனமாக அமைத்தாலும் மறுபடி சுருக்குவதில் கொஞ்சம் போகும். மூன்றாவதுதான் பெரியது: பொறித்ததை எடுக்க முடியாது. ஒரு எழுத்துப்பிழை, ஒரு நேரப்பிசகு இருந்தாலும் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். சப்டைட்டில் வேண்டாம் என்பவரும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதனால் பொறிப்பதற்கு முன் நேரத்தைச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் ஒரு வசனம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் சப்டைட்டில் எடிட்டில் எல்லா வரிகளையும் மொத்தமாக முன்னே பின்னே நகர்த்தினால் தீர்ந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், சட்டக வேகம் வேறு என்று அர்த்தம். சினிமாவுக்கான நொடிக்கு 23.976 சட்டக வேகத்தில் அமைத்த சப்டைட்டிலை, ஐரோப்பிய டிவிடியின் 25 சட்டக வீடியோவோடு சேர்த்தால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பின்தங்கும். சட்டக வேகத்தை மாற்றும் வசதியும் அதே மென்பொருளில் இருக்கிறது.

பொறிக்க ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். வீடியோவைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் கோப்பை இறக்குமதி செய்து, பொறிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். எஸ்ஆர்டியாகக் கொடுத்தால் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை அது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா யூஐ கிடைக்கும். வேலை நடக்கும், ஆனால் அளவும் தடிமனும் உங்கள் விருப்பப்படி இருக்காது. ஏஎஸ்எஸ் ஆக்கிக் கொடுப்பதுதான் முறை.

எழுத்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல நல்ல மொழிபெயர்ப்புகள் வீணாகின்றன. கணினியில் ஒன்றரை அடி தூரத்தில் படிக்கிறோம். ஹாலில் எட்டு, பத்து அடி தள்ளி சோபாவில் இருந்து படிக்கிறோம். அந்தத் தூரத்தில் தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ஓரக்கோட்டைத் தடிமனாக வைத்தால் கறுப்பு அந்தப் புள்ளியைச் சுற்றி அடைத்து, "க்" என்பது "க" போலத் தெரியும். "ன", "ண" இரண்டின் சுழியும் கலங்கிவிடும். 1080 வரி உயரமுள்ள வீடியோவுக்கு ஏஎஸ்எஸ்ஸில் எழுத்தளவு 60 முதல் 70 வரை, ஓரக்கோடு 2 அல்லது 3, எழுத்து கொஞ்சம் தடித்த வகை என்று தொடங்கிப் பாருங்கள். அடியில் 60 பிக்சலாவது இடம் விடுங்கள், பழைய டிவிகள் ஓரத்தை வெட்டிக் காட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்குவது இங்கே இரண்டு வரி ஆகும். மூன்றாவது வரிக்குப் போவதாக இருந்தால் வசனத்தைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்து, அவருக்காகவே இதைச் செய்கிறீர்கள் என்றால், அளவை இன்னும் ஒரு படி கூட்டிவையுங்கள். அவருக்குப் படமே அந்த எழுத்துதான்.

தர அமைப்பில் 1080 வீடியோவுக்கு ஹேண்ட்பிரேக்கே சொல்வது ஆர்எஃப் என்ற தர எண் 20 முதல் 24 வரை. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். பொறிக்கும்போது நான் 20 வைப்பேன், எழுத்தின் ஓரம் கலங்காமல் இருக்கும். எச்.264, லெவல் 4.1, எம்பி4, ஏஏசி ஒலி என்று வைத்தால் மேலே சொன்ன பழைய கன்சோல்கள் முறைக்காமல் திறக்கும். 4 ஜிபியைத் தாண்டினால் ஆர்எஃப் எண்ணை இரண்டு கூட்டுங்கள், அல்லது 720க்கு இறங்குங்கள்.

இன்னொன்று. உங்கள் படம் எச்.265இல் இருந்து, கன்சோல் பிளேஸ்டேஷன் 3 அல்லது 4 என்றால், எப்படியும் மறுபடி என்கோட் செய்துதான் ஆக வேண்டும். நேரமும் தரமும் எப்படியும் போகப்போகிறது. அந்த நிலையில் பொறிப்பதா வேண்டாமா என்று தயங்குவதில் அர்த்தமே இல்லை, ஒரே ஓட்டத்தில் இரண்டையும் முடித்துவிடுங்கள்.

ஏவிஐக்குள் படமாகச் சேர்ப்பது

பிளேஸ்டேஷன் 3க்கு மட்டும் ஒரு பழைய வழி உண்டு. ஒவ்வொரு வசனத்தையும் சிறு படமாக மாற்றி ஏவிஐ கோப்பில் சேர்ப்பது, எக்ஸ்சப் என்று பெயர். ஏவிஐஆட்எக்ஸ்சப்ஸ் என்ற சிறு மென்பொருள் இதைச் செய்யும். எழுத்து கணினியிலேயே படமாகிவிடுவதால் கன்சோலின் எழுத்துரு குறுக்கே வராது. முக்கோணப் பொத்தானை அழுத்தி சப்டைட்டிலை அணைக்கவும் முடியும். கருத்தளவில் அருமையான வழிதான். ஆனால் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை ஏவிஐ கோப்புகளுக்கு மட்டும்தான், இன்று அந்த வடிவத்தில் படம் வைத்திருப்பவர்கள் குறைவு. பழைய சிடிகளில் சேர்த்துவைத்தவை இருந்தால் பயன்படும். புதிதாக ஒருவர் இதற்காக ஏவிஐக்கு மாற்ற வேண்டாம்.

வீட்டு நெட்வொர்க்கில் சர்வர்

கணினியில் ஒரு சர்வர் மென்பொருளை ஓடவிட்டு, கன்சோல் அதிலிருந்து வைஃபை அல்லது லேன் கேபிள் வழியாகப் படத்தை வாங்கிக்கொள்வது. பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் இருக்கும் வழி இதுதான், பிளெக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் செயலி அதில் கிடைக்கிறது.

பிளெக்ஸில் தமிழுக்கு முக்கியமான ஒரு அமைப்பு இருக்கிறது. சப்டைட்டிலைப் பொறித்து அனுப்புவது பற்றி மூன்று தேர்வுகள்: தானாக முடிவு செய்வது, எழுத்தாக இல்லாமல் படமாகவே இருக்கும் சப்டைட்டில் வகைகளை மட்டும் பொறிப்பது, எப்போதும் பொறிப்பது. தானாக விட்டால், எஸ்ஆர்டி போன்ற உரை வகையை அது பெரும்பாலும் அப்படியே கன்சோலுக்கு அனுப்பிவிடும், வரைவது மறுபடி கன்சோல் செயலியின் கைக்குப் போகிறது. தமிழ் உடைந்து வந்தால் "எப்போதும்" என்று மாற்றிப் பாருங்கள். அப்போது எழுத்தைச் சர்வரே வரைந்து, வீடியோவோடு சேர்த்து அனுப்பும். பொறிப்பதன் நன்மை எல்லாம் கிடைக்கும், மூலக் கோப்பில் ஒரு மாற்றமும் இருக்காது. எஸ்ஆர்டியில் பிழை கண்டால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

ஆனால் படம் ஓடும் நேரம் முழுக்க உங்கள் கணினி அதே வேகத்தில் என்கோட் செய்துகொண்டே இருக்க வேண்டும். பழைய இரண்டு கோர் மடிக்கணினியில் 1080 படம் திக்கித் திக்கி வரும், விசிறி அலறும். கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு என்கோட் செய்யும் வசதி பிளெக்ஸில் கட்டணச் சந்தாவுக்குள் வருகிறது. இதே போன்ற இன்னொரு சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபின்னில் அதுவும் இலவசம், எக்ஸ்பாக்ஸுக்கு அதன் செயலி உண்டு, பிளேஸ்டேஷனுக்கு இல்லை. மின்சாரம் போனால் படமும் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கும், ரூட்டருக்கு இருக்காது.

பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களுக்கு யுனிவர்சல் மீடியா சர்வர் இருக்கிறது. முன்பு இருந்த பிஎஸ்3 மீடியா சர்வரில் இருந்து கிளைத்தது, இலவசம், ஜாவாவில் ஓடும். கன்சோலில் படத்தின் ஃபோல்டருக்குள் டிரான்ஸ்கோட் என்ற பெயரில் கூடுதலாக ஒரு ஃபோல்டர் தெரியும். அதற்குள் போனால் எந்த ஒலி, எந்த சப்டைட்டில் என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரி இருக்கும். வேண்டியதை அழுத்தினால் அந்த சப்டைட்டிலைப் பொறித்தபடியே அனுப்பத் தொடங்கும். தமிழ் எழுத்துருவை அதன் அமைப்பில் ஒருமுறை காட்டிக் கொடுத்துவிட வேண்டும். பிளேஸ்டேஷன் 3இன் வைஃபை பழைய ஜி வகை, ஹெச்டி படத்துக்கு மூச்சு வாங்கும். ஒரு லேன் கேபிள் போட்டுவிடுங்கள், பாதித் தொல்லை அதோடு போய்விடும்.

சரி, எதை எடுப்பது?

ஆங்கில சப்டைட்டில், எக்ஸ்பாக்ஸ் ஒன் அல்லது சீரிஸ் என்றால் தனி எஸ்ஆர்டி போதும். தமிழ் என்றால் அதே கன்சோலில் ஏஎஸ்எஸ்ஸும் எழுத்துருவும் சேர்த்த எம்கேவி. பிளேஸ்டேஷன் 5 என்றால் பிளெக்ஸ், எப்போதும் பொறி என்ற அமைப்போடு. கணினி பலவீனமாக இருந்தால் முன்கூட்டியே ஹேண்ட்பிரேக்கில் பொறித்து வைத்துவிட்டு, பிளெக்ஸ் வழியாக வெறும் வீடியோவாக அனுப்புங்கள், கணினிக்குச் சுமையே இருக்காது. பிளேஸ்டேஷன் 3, 4, எக்ஸ்பாக்ஸ் 360 மூன்றுக்கும் தமிழில் நான் பொறிப்பதைத்தான் சொல்வேன். தினம் ஒரு படம் பார்க்கும் வீடு, ஓரளவு நல்ல கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் மட்டும் சர்வர்.

குழந்தைகள் தமிழிலும் பெரியவர்கள் ஆங்கிலத்திலும் படிக்கும் வீடுகள் வெளிநாட்டில் உண்டு, நேர்மாறாகவும் உண்டு. அங்கே பொறிப்பது சரிப்படாது, ஆளுக்கொரு பிரதி வைக்க வேண்டியிருக்கும். ஒரே எம்கேவிக்குள் இரண்டு சப்டைட்டிலையும் வைத்து, சர்வர் வழியாக அவரவர் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

எதை எடுத்தாலும் முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடி வரை என்று குறித்தே என்கோட் செய்யலாம். வசனம் வேகமாகப் போகும் இடமாக, ஒகர ஓகாரமும் ஔகாரமும் வரும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கொம்பும் காலும் பிரியாமல் வருகின்றனவா என்று அங்கே தெரிந்துவிடும். அதைப் பென் டிரைவில் ஏற்றி, டிவியில் போட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே படித்துப் பாருங்கள். பொறித்து முடித்த பிறகும் மூல வீடியோவையும் எஸ்ஆர்டியையும் அழிக்காதீர்கள். அடுத்த கன்சோல் வரும்போது அந்த இரண்டிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.